தனியாய்ப் போனால் கெட்டுப்போவார்களா?

பழவேற்காட்டு ஏரிப்பக்கத்துக் காட்டூரில் நண்பர் ஒருவர் வீட்டு விசேஷத்திற்குச் சென்றிருந்தோம். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில், ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்திருந்த மீனவப் பெரியவர் ஒருவர் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஐயா, நீங்க பத்திரிகையிலே எழுதறவங்களாமே, ஒரு நியாயம் கேக்கலாமா?" என்றார். கேளுங்கள் என்றோம். அவர் சொன்ன சங்கதி இதுதான்.

அவருடைய மகள் நர்ஸ் படிப்புப் படித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவள் அனுப்புகிற பணத்தில்தான் படகுக்கு எஞ்சின் வாங்கினார், தம்பி படிக்கிறான். போன வருஷம் கிடைத்த ரஜாவில் அந்தப் பெண் ஊருக்கு வராமல், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தன்னந்தனியாய் வியட்நாம் தேசத்தைச் சுற்றிப்பார்க்கப் போனாள். போன இடத்தில் பெருமழை பிடித்துக்கொண்டு ரயில் நின்றுபோயிற்று. பாஷை தெரியாத ஒரு கிழவி அவளையும், வழியில் தவித்த இன்னும் மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்துப்போய் இரண்டு நாள் கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள். அந்த மூன்று பேரில் ஒருவன் பிலிப்பைன்ஸ் தேசத்து வாலிபன், பள்ளிக்கூட ஆசிரியன். சிநேகமாயினர். பிறகு மாதக்கணக்கில் பேசியும் எழுதியும் பழகினார்கள். இப்போது கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாய் அந்தப் பெண் ஒளிக்காமல் தகப்பனுக்கு எழுதியிருக்கிறாள்.

"தனியாப் போனா இப்படித்தான் கெட்டுப்போவாள்னு எங்க பங்காளிங்க சொல்றாங்க. இந்தக் கல்யாணம் நடந்தா என் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்களாம். அவளைப் போகவிட்டது என் தப்பா ஐயா?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியல்ல. இன்று நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி. ஆகவே, திண்ணையில் நாம் சொன்ன பதிலைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

எதிலே குற்றம்?

முதலாவதாக ஒன்றை யோசிக்க வேண்டும். இந்தப் பெண் சிங்கப்பூருக்குத் தனியாய்த்தானே போனாள்? அங்கே அந்நிய ஆண்கள் நடுவில், இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாளே, அப்போது பங்காளிகள் என்ன சொன்னார்கள்? "கெட்டிக்காரப் பெண்" என்றார்கள். அவள் பணத்தில் வாங்கிய எஞ்சினைத் தொட்டுப்பார்த்துப் பெருமைப்பட்டார்கள். சம்பளத்திற்காகத் தனியாய்ப் போனபோது கெடாத மானம், மூன்று வாரம் தன் சந்தோஷத்திற்காகத் தனியாய்ப் போனபோது கெட்டுவிட்டதாம்! இதிலிருந்து என்ன தெரிகிறது? பெண் தனியாய்ப் போவதில் இவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. அவள் தனக்காகப் போவதில்தான் ஆட்சேபணை. பிறருக்கு உழைக்கும்போது அவள் குலவிளக்கு. தனக்கென்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் குலத்திற்கே கேடு. இதை ஒழுக்கம் என்று சொல்லுவதைவிட வரவு செலவுக் கணக்கு என்று சொல்லுவதே பொருத்தம்.

வருஷந்தோறும் நம் ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. பட்டணத்திலிருந்து ஜனங்கள் வண்டி பிடித்துவந்து அவைகளைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். வந்த பட்சியை வேடிக்கை பார்க்கிற நாம், போன பெண்ணை வேடிக்கை பேசுகிறோம்!

சாஸ்திரம் சொல்லுவது

கடல் கடந்து போவது பாவம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? மனுதர்ம சாஸ்திரத்தின் மூன்றாவது அத்தியாயத்தில், சிராத்தச் சாப்பாட்டிற்கு அழைக்கக்கூடாத ஆசாமிகளின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. அதில் வீட்டுக்குத் தீ வைத்தவன், விஷம் வைத்தவன் ஆகியோரோடு சேர்த்துச் சமுத்திர யாத்திரை செய்தவனையும் வைத்திருக்கிறார்கள். பௌதாயன தர்ம சூத்திரமோ, கடற்பிரயாணத்தை ஜாதி இழக்கச் செய்யும் பாதகங்களிலே ஒன்றாய்ச் சொல்லுகிறது. கொலைகாரனும் கப்பலேறினவனும் ஒரே பந்தி!

இது ஏதோ பழைய ஏட்டோடு நின்றுவிட்டதென்று நினைக்கவேண்டாம். 1888-ம் வருஷத்தில் காந்தியார் படிப்புக்காக லண்டனுக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய ஜாதியார் கூட்டம் போட்டு அவரை ஜாதியை விட்டுத் தள்ளி, அவருக்கு உதவி செய்பவர்களுக்கும் வழியனுப்பப் போகிறவர்களுக்கும் அபராதம் என்று விதித்தார்கள். இன்று குப்பத்துப் பங்காளிகள் "நல்லது கெட்டதுக்கு வரமாட்டோம்" என்கிறார்களே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சமுத்திரத்தில் போகிறவன் இழிந்தவன் என்று எழுதிவைத்தவர்கள் கடலைக் கண்ணாலும் பாராதவர்கள். அந்த விதியினால் இழிவுபடுத்தப்பட்டவர்களோ தினந்தோறும் கடலில் போய்ப் பிழைக்கிற மீனவர்கள். எவனுடைய தொழிலையே பாவம் என்றார்களோ, அவனே இன்று அந்தப் பாவக்கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு தன் பெண்ணை அளக்கிறான் என்றால், இதைவிடப் பரிதாபம் வேறென்ன வேண்டும்?

இது ஒருபுறமிருக்க, அந்தப் பெரியவருடைய பயத்தில் வயிற்றுப்பாடும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. பழவேற்காட்டு ஏரியில் 'படு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இன்ன குப்பத்தார் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். பெரிய பங்கு ஒருவனுக்கும் ஒன்றுமில்லாமை இன்னொருவனுக்கும் என்று ஆகிவிடாதபடி தங்களுக்குள் பிரித்துக்கொள்ள மீனவர்கள் தாங்களே கண்ட நல்ல யுக்தி அது. ஆனால் அதிலும் பங்கு தலைக்கட்டுக்காரனான ஆணுக்குத்தான்; அதுவும் அந்த ஜாதி ஆணுக்குத்தான். பெண் மீனைக் கூடையில் சுமந்து விற்கலாம். சீட்டில் அவள் பேர் கிடையாது. ஊரை விட்டால் ஏரியும் போய்விடும் என்கிற இடத்தில், ஒரு தகப்பன் தன் மகளுடைய சந்தோஷத்திற்கு எதிராய் நிறுத்தப்படுகிறான். ஆதலால் அவரைக் கோழை என்று நாம் சொல்லமாட்டோம். சோற்றுப் பானையில் ஜாதியைக் கட்டிவைத்தவர்களைத்தான் குறை சொல்லுவோம்.

நம் ஏரிக்கரையில் நடந்தது

"அந்நியனோடு சிநேகமா? நம் ஊரில் கேள்விப்படாத சங்கதி!" என்கிறார்கள். பழவேற்காட்டுக்காரர் இப்படிச் சொல்லுவதைக் கேட்டால் அங்கே கல்லறையில் கிடக்கிற டச்சுக்காரர்களே சிரிப்பார்கள். 1613-ம் வருஷத்தில் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்திற்கெல்லாம் அதைத் தலைமை இடமாக்கினார்கள். அவர்களுக்கு முன்பும் பின்பும் அரபு நாட்டாரும் போர்த்துகீசியரும் இங்கிலீஷ்காரரும் வந்து போயிருக்கிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையிலிருந்துதான் நம் ஏழை ஜனங்களை அடிமைகளாய் விலைக்கு வாங்கிப் படேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அப்படிக் கடல் கடத்தப்பட்டவர்களுக்காக எந்தச் சாஸ்திரியும் "ஐயோ, ஜாதி போயிற்றே" என்று அழுததாய்த் தெரியவில்லை.

அதே ஊரில், அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1632 முதல் 1642 வரையில் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் பழவேற்காட்டில் இருந்தார். அவர் வந்தது தம் மதத்தைப் பரப்புவதற்கு. அதைப்பற்றி நமக்கு மரியாதை ஒன்றுமில்லை. ஆனால் வந்த இடத்தில் அவருக்குப் பத்மநாபன் என்ற பார்ப்பனர் ஒருவருடைய சிநேகம் கிடைத்தது. இருவருக்கும் பொதுவாய்த் தெரிந்தது போர்த்துகீசு பாஷை. அந்த அரைகுறைப் பாஷையிலேயே இருவரும் உட்கார்ந்து பேசிப்பேசி, இந்நாட்டு வழக்கங்களையெல்லாம் பாதிரியார் எழுதிக்கொண்டார். அவர் 1649-ல் இறந்தபிறகு, 1651-ல் லெய்டன் நகரத்தில் அது புஸ்தகமாய் வந்தது. மறைந்திருந்த மதத்திற்குக் கதவைத் திறந்துவிட்டது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இதில் இரண்டு சங்கதி கவனிக்கத்தக்கவை. ஒன்று, நம் ஏரியில் படகு தள்ளிய மீனவன் காதில் விழக்கூடாது என்று காப்பாற்றிவந்த விஷயங்களைப் பத்மநாபன் கடல் கடந்து வந்த மிலேச்சனுக்கு மனமுவந்து சொல்லியிருக்கிறார். ஆகவே, சிநேகம் வந்துவிட்டால் சாஸ்திரக் கதவு தானாய்த் திறக்கும். பக்கத்து வீட்டானுக்குத்தான் அது மூடியிருக்கிறது. இரண்டாவது, பர்த்ருஹரி எழுதியதாய்ச் சொல்லப்படும் மூன்று நூறுகளில் நீதியைப் பற்றியதும் வைராக்கியத்தைப் பற்றியதுமே அந்தப் புஸ்தகத்தில் வந்தன. சிருங்காரத்தைப் பற்றிய நூற்றை மாத்திரம் பத்மநாபன் சொல்லிக்கொடுக்கவில்லை. நீதிக்கு வாய் திறந்தது. துறவுக்கு வாய் திறந்தது. காதலுக்கு மாத்திரம் வாய் திறக்கவில்லை. முந்நூற்று எண்பது வருஷத்திற்குமேல் ஆகியும் நாம் அந்த இடத்திலேயேதான் நின்றுகொண்டிருக்கிறோம்.

பையில் ஜாதியைக் கொண்டுபோனவர்

தனியாய் அயல்நாடு போனவருக்கு எதிர்பாராத சிநேகம் கிடைத்ததற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ராமானுஜம். கணக்கிலே மேதையான அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாய் இருந்துகொண்டு 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹார்டி அழைத்தார். ஜாதி போய்விடும் என்று முதலில் மறுத்தார். பிறகு நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்ததாய்ச் சொல்லி வீட்டார் இசைந்தார்கள். 1914 மார்ச்சு மாதத்தில் கப்பலேறினார். கனவு வராதிருந்தால் உலகத்திற்கு இந்த மேதை கிடைத்திருக்க மாட்டார் போலும்!

போன இடத்தில் நேர்ந்த சிநேகம் எப்படிப்பட்டது? ஹார்டி கடவுளை நம்பாதவர். ராமானுஜம் நாமகிரித் தாயாரின் பக்தர். ஊர், பாஷை, நிறம், உணவு, எண்ணம் எதிலும் ஒற்றுமை கிடையாது. அப்படியிருந்தும், தம் வாழ்க்கையிலே நேர்ந்த ஒரே காவியம் போன்ற சம்பவம் ராமானுஜத்தோடு தமக்கு ஏற்பட்ட பழக்கந்தான் என்ற கருத்தில் ஹார்டி பிற்காலத்தில் எழுதினார். கூடப் பிறந்தவர்களைப் பற்றியும் இப்படி எழுதுவார் இல்லை.

ஆனால் இந்தச் சிநேகம் கணக்குக் காகிதத்தோடு நின்றுபோயிற்று. ஏனெனில் ராமானுஜம் ஆசாரத்தையும் பெட்டியிலே வைத்துக் கூடவே கொண்டுபோனார். கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல், குளிர் தேசத்தில், யுத்த காலத்தில், தம் அறையில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். கூடி உண்ணுகிற இடத்தில்தானே மனிதன் மனிதனுக்கு உறவாகிறான்? 1918-ல் ராயல் சொசைட்டி அவருக்குத் தன் அங்கத்தினர் பதவி கொடுத்தது. அதே வருஷத்தில் மனம் உடைந்து அவர் ரயில் பாதையில் விழுந்து உயிர் விடப்பார்த்தார். 1919-ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரலில், 32 வயதில் இறந்துபோனார். கடல் கடந்தவர் என்ற காரணத்தினால் பந்துக்களில் பலர் அவருடைய சாவுக்கே வரவில்லை. எந்த ஆசாரத்தைத் தனிமையில் கிடந்து காப்பாற்றினாரோ, அந்த ஆசாரம் அவருடைய பிணத்திற்குக் காட்டிய மரியாதை இது!

ஆகவே, தனியாய்ப் போவதில் ஆபத்து இருக்கிறதென்றால், அது ஜாதியைக் கழற்றிவைப்பதில் இல்லை. கூடவே எடுத்துப்போவதில்தான் இருக்கிறது.

சைக்கிளில் போன சித்திரக்காரர்

இன்னொருவரைப் பாருங்கள். ஒரிசாவில் தீண்டப்படாத வகுப்பிலே பிறந்தவர் பிரத்யும்ன குமார் மகாநந்தியா. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர். பிறகு டில்லியில் சித்திரம் படித்து, கன்னாட் பிளேசில் வழிப்போக்கர்களின் முகத்தை எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். 1975 டிசம்பரில், சுவீடன் தேசத்திலிருந்து தரைவழியாய் இந்தியாவைப் பார்க்க வந்த ஷார்லட் வான் ஷெட்வின் என்ற பெண் தன் முகத்தை எழுதிக்கொள்ள அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அந்நாட்டுப் பிரபு குடும்பத்துப் பெண். பார்க்க வந்தது தேசத்தை; கிடைத்தது மனிதன். இருவரும் நேசித்தார்கள். அவருடைய கிராமத்துக்குப் போய்ச் சொந்தக்காரர்கள் முன்னால் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

அவள் ஊர் திரும்பவேண்டி வந்தது. அவள் கொடுக்கும் பணத்தில் விமானம் ஏற அவர் சம்மதிக்கவில்லை. 1977 தொடக்கத்தில் ஒரு பழைய சைக்கிளில் டில்லியை விட்டுப் புறப்பட்டார். சைக்கிளிலும், இடையில் கிடைத்த வண்டிகளிலுமாய் ஆப்கானிஸ்தானம், ஈரான், துருக்கி கடந்து மே மாதக் கடைசியில் சுவீடன் போய்ச் சேர்ந்தார். வழியில் அவரிடம் இருந்த மூலதனம் ஒரு பென்சில். முகம் எழுதிக்கொடுத்தார், ஜனங்கள் சோறு போட்டார்கள், இடம் கொடுத்தார்கள். அவர் சொந்த நாட்டிலே அவரைத் தொட்டால் தீட்டு; அத்தனை அந்நிய நாட்டிலும் அவர் விருந்தாளி. இதைப் படித்துவிட்டு நாம் வெட்கப்படவேண்டாமா? அந்தத் தம்பதிகள் சுவீடனிலேயே குடியிருந்து இரண்டு குழந்தைகளைப் பெற்றார்கள். அவர் சித்திர ஆசிரியராய் வேலை பார்த்தார்.

இங்கே சோதிட நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "தூரதேசத்துப் பெண், ரிஷப ராசிக்காரி மனைவியாய் வருவாள் என்று அவருக்குக் குழந்தையிலேயே சோதிடம் எழுதியிருந்ததே!" என்பார்கள். அவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். சரி, ஒப்புக்கொள்ளுவோம். அதே சோதிடர்கள் எழுதிக்கொடுத்த மற்றக் கோடிக்கணக்கான ஜாதகங்கள் என்ன ஆயின? பலித்த ஒன்றைச் சொல்லி, பலிக்காத கோடியை மறைப்பதற்குப் பெயர்தான் சோதிடம். மேலும், ஓலை வீட்டிலே கிடந்தது. சைக்கிளை மிதித்தது கால். மிதிக்காமல் ஓலையை நம்பித் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அந்த ராசிக்காரி சுவீடனிலேயே இருந்திருப்பாள்.

ஏமாந்தால் என்ன செய்வது?

"எல்லோரும் இப்படியே நல்லவர்களாய் இருப்பார்களா? ஏமாற்றிவிட்டுப் போனால்?" என்று அந்தப் பெரியவரும் கேட்டார். நியாயமான கேள்வி. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காதல் வார்த்தை எழுதிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அயல்நாட்டில் வேறொரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்து தாலி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கடைசி வகையார் ஜாதி பார்த்து, ஜாதகம் பார்த்து, பெரியோர்கள் நிச்சயித்து நடத்திய கல்யாணங்களிலும்தானே வருகிறார்கள்? பத்துப் பொருத்தமும் பார்த்துக் கொடுத்த பெண்ணைக் கைவிட்டுப் போனால் "அவள் தலைவிதி" என்கிறீர்கள்; தானே தேடிக்கொண்ட பெண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்தால் "அவள் திமிர்" என்கிறீர்கள். இரண்டு தராசு வைத்து நிறுப்பவன் வியாபாரியாகான்.

மோசத்திற்கு மருந்து அறிவே தவிர, பூட்டு அல்ல. ஆகவே தனியாய்ப் போகிற பெண்களுக்கும் ஆண்களுக்கும் நாம் சொல்லுவது: உங்கள் பாஸ்போர்ட்டை வேறு எவர் கையிலும் கொடுக்காதீர்கள். திரும்பிவரும் செலவுக்குரிய பணத்தை எந்தச் சிநேகத்திற்காகவும் தொடாதீர்கள். போகுமிடத்து இந்தியத் தூதரகத்தின் விலாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கிற இடத்தை வீட்டில் ஒருவருக்காவது தெரியப்படுத்துங்கள். பழக்கம் காதலானால் அவசரப்படாமல், அவர் வீட்டையும் வேலையையும் நேரில் போய்ப் பாருங்கள். கல்யாணம் என்று வந்தால் மந்திரத்தை நம்பாமல் ரிஜிஸ்தரை நம்புங்கள். ஜாதி மதம் பாராமல் மணந்துகொள்ள 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டம் இருக்கிறது. அயல்நாட்டிலேயே நம் தூதரகத்து அதிகாரி முன்னிலையில் மணந்துகொள்ள 1969-ம் வருஷத்து அந்நிய விவாகச் சட்டம் இருக்கிறது. முதற்சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டவேண்டும் என்ற விதி, பங்காளிகளுக்குத் தகவல் கொடுப்பது போலத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் இருக்கிற சட்டத்தையாவது உபயோகித்துக்கொள்ள வேண்டும்.

நமது தோழர்களுக்கு

கடைசியாக நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மகாநந்தியாவின் கதையை மேடையில் சொன்னால் கை தட்டுகிறோம். அவர் ஆண்பிள்ளை, சைக்கிளில் போனார், வீரம் என்கிறோம். அவ்வளவு தூரம் முதலில் புறப்பட்டு வந்தவள் அந்தப் பெண் என்பதை மறந்துவிடுகிறோம். நம் வீட்டுப் பெண் பையை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினால், "எங்கே? யாரோடு? எப்போது வருவாய்?" என்று மூன்று கேள்வி கேட்கிறோம். அதே கேள்வியை நம் பிள்ளையிடம் கேட்பதுண்டா? பகுத்தறிவை மேடையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கும், செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கோவிலுக்குள் போகிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

திண்ணையில் அந்தப் பெரியவருக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, உங்கள் மகள் ஒளிக்காமல் உங்களுக்கு எழுதினாளே, அவள் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்? கெட்டுப்போகிறவர்கள் மறைப்பார்கள். மழையில் நனைந்த அந்நியப் பெண்ணுக்குக் கஞ்சி ஊற்றிய கிழவி அவள் என்ன ஜாதி என்று கேட்டாளா? அந்தக் கிழவிக்கு இருந்த அறிவு நமக்கு இருக்கக்கூடாதா? அந்தப் பையனை ஒருமுறை இங்கே வரச்சொல்லுங்கள். ஏரியைக் காட்டுங்கள். நீங்களே பார்த்துப் பேசி முடிவு செய்யுங்கள். பங்காளிகள் வராவிட்டால் நாங்கள் வருகிறோம்."

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனுக்கு மீன் சாப்பிடத் தெரியுமா ஐயா?" என்று கேட்டார்.

பிலிப்பைன்ஸ் முழுவதும் தீவுகள், அங்கே மீன் இல்லாத சாப்பாடு அபூர்வம் என்றோம். அப்போதுதான் அவர் முகத்தில் முதல்தடவையாய்ச் சிரிப்பைக் கண்டோம்.